ப்ரமோஷன் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தது தவறா?

உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை, ‘ப்ரமோஷனை வேண்டாம் என்று சொல்லி வாழ்க்கையை வீணாக்கிவிட்டேனா, இந்த நினைப்பிலிருந்து எப்படி வெளியே வருவது’ என்பதுதான் கேள்வி என்று தோன்றியது. படிக்கிற மற்றவர்களுக்காகச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 1985-ல் வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்தீர்கள். 1994-லும் 1999-லும் ஆபீசர் ப்ரமோஷன் வந்தது, போனால் வடக்கே எங்காவது மூன்று வருடம். முதல் தடவை பையனுக்கு நாலு வயசு, பெண் கைக்குழந்தை, மாமியார் பக்கவாதத்தில் படுத்திருந்தார். இரண்டு தடவையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். உங்களோடு சேர்ந்த தோழி பாட்னா போனார், அப்புறம் நாக்பூர், கொல்கத்தா என்று சுற்றி, போன டிசம்பரில் டி.ஜி.எம். (துணைப் பொது மேலாளர்) ஆக ஓய்வு பெற்றார். அந்த விழாவுக்குப் போய்விட்டு மேற்கு மாம்பலம் வீட்டுக்குத் திரும்பிய ராத்திரியிலிருந்து உங்களுக்குத் தூக்கம் கெட்டுவிட்டது, விடிகாலை மூன்றரைக்கே விழிப்பு வந்துவிடுகிறது, தோழி கூப்பிட்டால் போனைக்கூட எடுப்பதில்லை. ‘கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இரண்டாம் தடவை படித்தபோது நடுவில் ஒரு வரியில் நின்றுவிட்டேன். ‘ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அந்தக் கடிதத்தை எழுதினேன், இவர் எதிரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.’ அவ்வளவுதான். திட்டவில்லை, குறை சொல்லவில்லை, அடுத்த வரியிலேயே பையனின் ஸ்கூல் ஃபீஸுக்குப் போய்விட்டீர்கள். ஆனால் முப்பது வருடத்துக்கு முந்தைய ஒரு காலையில் எதிரில் இருந்தவர் கையில் என்ன இருந்தது என்பது வரைக்கும் ஞாபகம் இருக்கிறதென்றால், மனசு அங்கேதான் மாட்டிக்கொண்டிருக்கிறது. ‘நீ போ, நாங்க பாத்துக்கறோம்னு ஒருத்தர்கூட ஏன் சொல்லலை, நான் விட்டுக்கொடுத்தது யார் கண்ணுக்காவது தெரிஞ்சுதா’ என்றுதான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. என் ஊகம் தப்பாக இருந்தால் சொல்லுங்கள். இந்தக் கேள்விக்கும் ‘என் முடிவு தப்பா’ என்ற கேள்விக்கும் பதில் வேறு வேறு, அதனால் பிரித்தே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

நான் சென்னையில் 23 வருடமாக கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாக இருக்கிறேன். கடைசி பத்து வருடமாக என்னிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள். நான் மருத்துவர் இல்லை, மருந்து எழுதுவதில்லை, உங்களை நேரில் பார்த்ததும் இல்லை. ஒரு பக்கக் கடிதத்தை வைத்து ஒருவருடைய மனசை முழுக்கப் படித்துவிட முடியாது. இன்னொன்றும் சொல்லவேண்டும்: என்னிடம் வருகிறவர்கள் வலி தாங்காமல் வருகிறவர்கள். இதே மாதிரி முடிவெடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறவர்கள் எத்தனையோ பேர், அவர்கள் என் வாசலுக்கு வருவதில்லை. ஆகவே என் அனுபவம் ஒரு பக்கம் சாய்ந்ததுதான் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஓரளவு நிச்சயமாகச் சொல்லக்கூடியதிலிருந்து ஆரம்பிக்கிறேன். 1982-ல் டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சின்னக் கதையைச் சொல்லி ஆட்களிடம் கருத்துக் கேட்டார்கள். ஒருவர் தன்னிடம் இருந்த பங்கை விற்று வேறு வாங்கலாமா என்று யோசித்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டார், மாற்றியிருந்தால் 1,200 டாலர் கூடக் கிடைத்திருக்கும். இன்னொருவர் கையில் இருந்த நல்ல பங்கை மாற்றிவிட்டார், சும்மா இருந்திருந்தால் அதே 1,200 டாலர் கிடைத்திருக்கும். நஷ்டம் ஒன்றேதான். யாருக்கு மனசு அதிகமாக அடித்துக்கொள்ளும்? நூற்றுக்கு 92 பேர், மாற்றியவருக்குத்தான் என்றார்கள். அதாவது ஒரு காரியத்தைச் செய்து கெடுத்துக்கொண்டால் அந்த நேரத்தில் வலி அதிகம். ஆனால் 1994-லிருந்து தாமஸ் கிலோவிச், விக்டோரியா மெட்வெக் என்ற இருவர் வேறு மாதிரிக் கேட்டார்கள். போன வாரத்தை விடுங்கள், மொத்த வாழ்க்கையையும் திரும்பிப் பார்த்தால் எது உறுத்துகிறது? அப்போது தராசு மறுபக்கம் சாய்ந்தது. செய்ததை விடச் செய்யாமல் விட்டதுதான் பெரும்பாலோருக்குக் கடைசிவரை உறுத்துகிறது. இது அமெரிக்கக்காரர்களின் மனசு மட்டும்தானோ என்று பிறகு சீனா, ஜப்பான், ரஷ்யாவிலும் கேட்டுப் பார்த்தார்கள், அங்கேயும் இதே போக்குதான். ஆகவே முப்பது வருடம் கழித்து, அதுவும் வேலையெல்லாம் ஓய்ந்த பிறகு, செய்யாமல் விட்ட ஒன்று எழுந்து வந்து உட்காருவது உங்கள் ஒருவருக்கு வந்த கோளாறு இல்லை.

ஏன் அப்படி ஆகிறது என்பதை நான் என் அறையில் வருபவர்களிடம் தினமும் பார்க்கிறேன். செய்த காரியத்துக்கு ஒரு முடிவு உண்டு. தப்பான இடத்தில் வேலைக்குச் சேர்ந்தால் இரண்டு வருடத்தில் விட்டுவிடலாம், மன்னிப்புக் கேட்கலாம், ‘போகட்டும், ஒரு பாடம்’ என்று சொல்லிக்கொள்ளலாம். செய்யாத காரியத்துக்கு முடிவே கிடையாது. நீங்கள் போகாத பாட்னாவில் கரண்ட் போவதில்லை, மேனேஜர் திட்டுவதில்லை, குழந்தைக்கு ஜுரம் வருவதில்லை, வாடகை வீட்டுக்காரர் தண்ணீரை நிறுத்துவதில்லை. நம் ஊரில் இதற்குச் சரியான உதாரணம் வேளச்சேரி. ‘தொண்ணூறுகளில் சல்லிசாகக் கொடுத்தான், ஒரு கிரவுண்டு வாங்கிப் போட்டிருக்கலாம்’ என்று சொல்லாத சென்னைக்காரர் அபூர்வம். அப்படிச் சொல்லும்போது மனக்கண்ணில் வருவது இன்றைய விலையுள்ள 2,400 சதுர அடி. பறக்கும் ரயில் அங்கே வந்து சேர்ந்தது 2007-ல்தான் என்பதும், அதுவரை வேலைக்குப் போய் வரப் பட்டிருக்கவேண்டிய பாடும், 2015 டிசம்பரில் வீட்டுக்குள் ஏறியிருக்கக்கூடிய தண்ணீரும் அந்தக் கணக்கில் சேர்வதே இல்லை. வாழாத வாழ்க்கையில் லாபத்தை மட்டும்தான் நாம் எழுதிக்கொள்கிறோம். வாழ்ந்த வாழ்க்கையில் செலவு ஒன்றுவிடாமல் ஏறியிருக்கிறது. முப்பத்தொன்பது வருடம் வங்கியில் இருந்த உங்களுக்கு இந்தப் பேரேடு எங்கே தப்பு என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்தது, முடிவு தெரிந்த பிறகு முன்பே தெரிந்திருந்தது போலத் தோன்றுவது. இதுவும் நன்றாக நிரூபிக்கப்பட்டதுதான். 1972-ல் அமெரிக்க அதிபர் நிக்சன் பீஜிங்கும் மாஸ்கோவும் போவதற்கு முன்னால், என்னென்ன நடக்கும், எதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று இஸ்ரேலில் மாணவர்களிடம் எழுதி வாங்கினார்கள். பயணம் முடிந்த பிறகு, ‘நீங்கள் அன்றைக்கு எவ்வளவு போட்டீர்கள்’ என்று கேட்டார்கள். நடந்துவிட்ட விஷயங்களுக்குத் தாங்கள் முன்பே கூடுதலாகப் போட்டதாகத்தான் அவர்களுக்கு ஞாபகம். பாரூக் ஃபிஷ்ஹாஃப் என்பவர் செய்த ஆராய்ச்சி அது. உங்கள் தோழி டி.ஜி.எம். ஆவார் என்று 1994-ல் யாருக்கும் தெரியாது, அவருக்கே தெரியாது. அன்றைக்கு உங்களுக்குத் தெரிந்ததை மட்டும் மேஜை மேல் வைத்துப் பாருங்கள். பால் குடிக்கிற குழந்தை. படுக்கையில் மாமியார், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்கவைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். ஊருக்குப் பேச வேண்டுமென்றால் எஸ்.டி.டி. பூத்தில் மீட்டரைப் பார்த்துக்கொண்டே பேசவேண்டும். எந்த ஊர் என்று தெரியாத போஸ்டிங். இதை வைத்து எடுத்த முடிவு அது. இன்றைக்கு 61 வயதில், எல்லாம் நல்லபடியாக முடிந்ததைப் பார்த்துவிட்டு, அன்றைய முப்பது வயதுப் பெண்ணிடம் ‘ஏன் போகலை’ என்று கேட்பது அவளுக்குச் செய்கிற அநியாயம்.

அந்தப் பெண் எடுத்த முடிவு முழுக்க அவளுடையதும் இல்லை. ப்ரமோஷன் என்றால் கண்காணாத ஊர் என்ற விதியை அவள் போடவில்லை. பொதுத்துறை வங்கிகளில் வேலை செய்கிற பெண்களை, அவர்கள் கேட்டுக்கொண்டால், முடிந்தவரை கணவர் இருக்கும் ஊரிலோ அதன் அருகிலோ, திருமணமாகாதவர் என்றால் பெற்றோர் இருக்கும் ஊரிலோ போடவேண்டும் என்று மத்திய நிதி அமைச்சகம் சொன்னது 2014-ல். நீங்கள் முதல் கடிதம் எழுதி இருபது வருடம் கழித்து. உங்களைப் போல எத்தனை பெண்கள் கேஷ் கவுண்டரிலேயே தலை நரைத்தார்கள் என்பதை உங்கள் பிராஞ்சிலேயே பார்த்திருப்பீர்கள். இத்தனை பேர் ஒரே மாதிரி ‘தப்பு’ செய்திருந்தால் அதைத் தனித்தனியாக ஒவ்வொருவர் தலையிலும் கட்டுவது எப்படிச் சரி?

இனி, நிச்சயமில்லாத பகுதி. வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் வருடத்துக்கு இரண்டு தடவை வரும், ‘சாகப்போகிறவர்கள் வருத்தப்படும் ஐந்து விஷயங்கள்’ என்று. அது ஆஸ்திரேலியாவில் கடைசிக் கால நோயாளிகளைப் பராமரித்த ஒரு பெண் தன் அனுபவத்திலிருந்து எழுதியது. நல்ல மனசோடு எழுதியது, ஆனால் ஆராய்ச்சி இல்லை, எண்ணிப் பார்த்த கணக்கும் இல்லை. அதை வைத்து உங்களை எடை போட்டுக்கொள்ளாதீர்கள். ஆராய்ச்சிகளிலும் எல்லாம் ஒத்துப்போவதில்லை. அமெரிக்கர்களின் வருத்தங்களில் படிப்புதான் முதலிடம், அடுத்தது வேலை என்று 2005-ல் ஒரு தொகுப்பு சொன்னது, 2011-ல் இன்னொரு கணக்கெடுப்பு காதல், உறவுதான் முதலிடம் என்றது. இன்னும் வாய்ப்பு மிச்சம் இருக்கிற விஷயத்தில்தான் வருத்தம் அதிகம் என்கிறது ஒரு கட்சி. வாய்ப்பு கைவிட்டுப் போன விஷயத்தில்தான் அதிகம் என்று 2009-ல் இன்னொரு கட்சி. இரண்டையும் படித்திருக்கிறேன், இரண்டு மாதிரி ஆட்களையும் பார்த்திருக்கிறேன். அதோடு, இந்த ஆராய்ச்சிகள் பெரும்பாலும் ‘நான் முடிவெடுத்தேன்’ என்று தனியாளாகப் பேசுகிறவர்களை வைத்துச் செய்தவை. நம் வீடுகளில் ஒரு முடிவை எடுப்பது ஒருவர், எடுக்கவைப்பது நாலு பேர், பழி மட்டும் ஒருவருக்கு. அது அந்தக் கேள்வித்தாள்களில் எந்தக் கட்டத்துக்குள்ளும் அடங்காது.

அதனால்தான் நான் அறையில் முதலில் ஒன்று கேட்பேன்: இது வருத்தமா, ஏக்கமா, ஆதங்கமா? தமிழில் இந்த மூன்று சொல்லும் தனித்தனியாக இருப்பது என் தொழிலுக்குப் பெரிய உதவி. நான் செய்தது தப்பு என்றால் வருத்தம். கிடைக்காமல் போன ஒன்றின் மேல் ஏக்கம். நடந்திருக்கவேண்டியது நடக்கவில்லையே, செய்யவேண்டியவர்கள் செய்யவில்லையே என்றால் ஆதங்கம். உங்கள் கடிதத்தில் ‘தப்பு’ என்ற சொல் ஆறு தடவை வருகிறது, எல்லாம் உங்கள் மேல். ஆனால் ஆதங்கம்தான் தப்பு என்ற பெயரில் உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. மற்றவர் மேல் கோபப்படுவதை விடத் தன்மேல் பழி போட்டுக்கொள்வது பல பெண்களுக்குச் சுலபம், சண்டை வராது பாருங்கள். ஆண்களிடமும் இருக்கிறது. எழுபதைத் தாண்டிய ஒருவர் வந்தார் (அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன்). கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் 1971-ல் வந்த இன்டர்வியூ கார்டு. விளிம்பெல்லாம் பழுப்பேறி, மடிப்பில் ஒட்டிய செல்லோடேப்பும் மஞ்சளாகி உதிர்ந்துகொண்டிருந்தது. அதை மேஜை மேல் வைக்கும்போது இரண்டு கையாலும் வைத்தார். கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அண்ணன் அந்தக் கார்டைப் பீரோவில் வைத்துவிட்டு, தேதி முடிந்த பிறகு கொடுத்திருக்கிறார். ஆனால் இவர் நாற்பது வருடத்துக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருந்த கதை வேறு: ‘கார்டு கைக்கு வந்ததும் நான் நேரே ஆபீசுக்குப் போய்க் கேட்டிருக்கணும், நான்தான் கோழை.’ மூன்றாவது தடவை வந்தபோது ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘அண்ணன் அப்படிச் செஞ்சிருக்கக் கூடாதும்மா’ என்றார். அண்ணன் போய்ப் பல வருடமாகிவிட்டது, கேட்கவும் ஆள் இல்லை. அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன், தூக்க மாத்திரையும் கொஞ்சநாள் ஓடியது. ஆனால் அடுத்த தடவையிலிருந்து அந்தக் கவரை அவர் எடுத்துவரவில்லை.

உங்கள் விஷயத்தில் எதிரில் பேப்பர் படித்தவர் பக்கத்து அறையில் இருக்கிறார். அது பெரிய விஷயம். அவரிடம் சொல்லுங்கள் என்பதுதான் என் யோசனை. சண்டையாக இல்லை, தீர்ப்பாகவும் இல்லை. ராத்திரி வேண்டாம், காலைக் காபிக்குப் பிறகு, டிவி ஓடாத நேரமாகப் பார்த்து, ‘அன்னிக்கு நான் அந்த லெட்டர் எழுதறப்போ நீங்க பேப்பர் படிச்சிட்டு இருந்தீங்க. எனக்கு அது இன்னும் வலிக்குது. பதில் சொல்ல வேண்டாம், கேட்டா போதும்’ என்று மூன்று வரி போதும். ‘இப்ப எதுக்கு அதெல்லாம்’ என்று அவர் சொல்லக்கூடும், அநேகமாகச் சொல்வார், அந்தத் தலைமுறை ஆண்களுக்கு முதலில் வாயில் வருவது அதுதான். அதோடு விட்டுவிடுங்கள். நாலு நாள் கழித்து அவரே அந்தப் பேச்சை எடுத்ததை நான் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன், எடுக்காத வீடுகளும் உண்டு. சொல்ல முடியாத சூழ்நிலை என்றால் புனேயில் இருக்கிற உங்கள் பெண்ணிடம் சொல்லுங்கள். ஆனால் பிள்ளைகளிடம் ‘உங்களுக்காகத்தான் விட்டேன்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உங்களுக்கு அது வலி, அவர்களுக்கு அது அடைக்க முடியாத கடன். ‘நான் ஒண்ணை விட்டேன், அது எனக்குப் பெருசு’ என்று உங்களை வைத்துச் சொல்லுங்கள், அது போதும்.

தனியாகச் செய்யக்கூடியது எழுதுவது. 1986-ல் ஜேம்ஸ் பென்னபேக்கர் என்பவர் மாணவர்களை நாலு ராத்திரி தொடர்ந்து பதினைந்து நிமிடம், மனசைப் பாதித்த ஒரு விஷயத்தை ஒளிக்காமல் எழுதச் சொன்னார். அவ்வளவுதான் சிகிச்சை. பிறகு வந்த நிறைய ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்தால் பலன் இருக்கிறது, ஆனால் சின்னப் பலன்தான், எழுதி முடித்த கையோடு சிலருக்கு மனசு இன்னும் பாரமாகவும் இருக்கும். நான் சொல்வது, படுக்கப் போகும் நேரத்தில் வேண்டாம், பகலில் எழுதுங்கள், 1994-ஐ மட்டும் எழுதுங்கள், 1999-ஐ அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். யார் யார் அன்றைக்கு வீட்டில் இருந்தார்கள், யார் என்ன சொன்னார்கள், யார் எதுவும் சொல்லவில்லை. இப்படித் திரும்பிப் பார்ப்பதை வயசான காலத்துப் புலம்பல் என்று ஒதுக்கிவந்ததை மாற்றியவர் ராபர்ட் பட்லர் என்ற மனநல மருத்துவர். 1963-லேயே அவர், முதுமையில் பழசை அசைபோடுவது இயல்பானது, தேவையானது, மனசு தன் கணக்கை முடிக்கப் பார்க்கிறது என்று எழுதினார். அதே கட்டுரையில், சிலருக்கு அது மனச்சோர்வில் கொண்டுபோய் விடும் என்றும் எச்சரித்தார். இரண்டும் உண்மைதான். ஒவ்வொரு தடவை நினைக்கும்போதும் ஒரு புதிய ஆளோ புதிய விவரமோ ஞாபகம் வந்தால் அது அசைபோடுதல். அதே மூன்று வாக்கியம் அதே வரிசையில் வந்தால் அது செக்குமாடு. மூன்றரை மணிக்கு உங்களுக்கு வருவது இரண்டாவது வகை என்று நினைக்கிறேன், அந்த நேரத்தில் எழுந்து விளக்கைப் போட்டு வேறு அறைக்குப் போய்விடுங்கள், படுத்துக்கொண்டு மல்லாடாதீர்கள்.

திருக்குறளில் வினைத்தூய்மை அதிகாரத்தில் ஒரு குறள் உண்டு, ‘எற்றென்று இரங்குவ செய்யற்க செய்வானேல் மற்றன்ன செய்யாமை நன்று’. பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக்கொடுத்தது, பின்னால் வருந்தும்படியான காரியத்தைச் செய்யாதே, செய்துவிட்டால் மறுபடி அப்படிச் செய்யாதே என்று. மணக்குடவர் உரையும் அப்படித்தான். ஆனால் பரிமேலழகர் இரண்டாவது அடியை வேறு மாதிரி எடுக்கிறார்: ஒருவேளை செய்துவிட்டால், பிறகு உட்கார்ந்து அந்த வருந்துதலைச் செய்யாமல் இருப்பது நல்லது. எது சரியான உரை என்று சொல்ல நான் தமிழ் படித்தவள் இல்லை. ஆனால் இரண்டு உரையையும் சேர்த்து வைத்துப் பார்க்கிறபோது என் வேலைக்கு வேண்டியது கிடைத்துவிடுகிறது. மறுபடி அப்படிச் செய்யாமல் இருக்க வருத்தம் உதவினால் அதை வைத்துக்கொள்ளலாம், அந்த உபயோகம் தீர்ந்த பிறகும் உட்கார்ந்திருந்தால் அதற்குச் சாப்பாடு போடவேண்டியதில்லை. உங்களுக்கு அதில் இன்னும் ஒரு உபயோகம் மிச்சம் இருக்கிறது என்று நினைக்கிறேன். இன்றைக்கும் வீட்டில் ஏதோ ஒன்றை வாயைத் திறக்காமல் விட்டுக்கொடுத்துக்கொண்டுதான் இருப்பீர்கள். டல்லாஸுக்கு ஆறு மாதம் வாருங்கள், பேரனைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பையன் கேட்பதாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். போகலாம், போகாமலும் இருக்கலாம். எதுவானாலும் இந்தத் தடவை எதிரில் இருப்பவர்கள் பேப்பரைக் கீழே வைத்த பிறகு பேசி முடிவெடுங்கள்.

திரும்பி வராதது எது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பதவி வராது. சம்பள வித்தியாசம், அதனால் பென்ஷனில் மாதாமாதம் வருகிற வித்தியாசம், அது நிஜமான நஷ்டம், ‘எல்லாம் நன்மைக்கே’ என்று யாராவது சொன்னால் நீங்கள் தலையாட்டவேண்டியதில்லை. எனக்கும் ஒன்று உண்டு. என் அப்பா தான் படித்த பள்ளிக்கூடத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வரவேண்டும், கும்பகோணம் பக்கம், கூட வா என்று மூன்று கோடைக்காலம் கேட்டார். கிளினிக் இருக்கிறது, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று மூன்று தடவையும் சொன்னேன். 2011-ல் அவர் போய்விட்டார். பிறகு நான் தனியாகப் போனேன், பூட்டிய கேட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றுவிட்டு வந்தேன். அது சரிக்கட்டிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்கப்புறம் வயசானவர்கள் கேட்கிற சின்ன விஷயங்களை நான் தள்ளிப்போடுவதில்லை, அந்த வருத்தத்தை அந்த அளவுக்கு வைத்துக்கொண்டிருக்கிறேன்.

தோழியோடு ஒப்பிட்டுப் பார்ப்பதைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்ஸ் ஒளிபரப்பைப் போட்டுக் காட்டி, யார் முகத்தில் சந்தோஷம் அதிகம் என்று கேட்டபோது வெள்ளி வாங்கியவர்களை விட வெண்கலம் வாங்கியவர்கள்தான் சந்தோஷமாகத் தெரிந்தார்கள். வெள்ளி வாங்கியவர் பார்ப்பது தங்கத்தை, வெண்கலம் வாங்கியவர் பார்ப்பது மெடலே இல்லாமல் போனவரை. ஒரே நாளில் சேர்ந்தவர் என்பதால்தான் அவரைப் பார்த்து உங்களுக்கு இவ்வளவு வலி. யாரோ ஒரு டி.ஜி.எம். ஓய்வு பெற்றிருந்தால் சாப்பிட்டுவிட்டு வந்திருப்பீர்கள்.

தூக்கத்தை மட்டும் தனியாகக் கவனியுங்கள், இதில் தள்ளிப்போடவேண்டாம். விடிகாலையில் விழிப்பு, சாப்பாட்டில் பிடிப்பின்மை, முன்பு பிடித்ததில் ஈடுபாடு இல்லாமல் போவது, நான் எதற்கும் லாயக்கில்லை என்ற நினைப்பு, இவையெல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் இருந்தால் அது வெறும் வருத்தம் என்று நினைத்து உட்காரக் கூடாது, மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. டாக்டரிடம் போகும்போது தைராய்டும் வைட்டமின் பி12-ம் பார்க்கச் சொல்லுங்கள், உங்கள் வயதில் இவை குறைந்தாலும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் இருக்கும், எத்தனையோ பேர் கவுன்சலிங்குக்கு என்று வந்து தைராய்டு மாத்திரையோடு போயிருக்கிறார்கள். இருந்து என்ன பிரயோஜனம் என்ற நினைப்பு ஒரு தடவை வந்தாலும் காத்திருக்காதீர்கள், 14416-க்குக் கூப்பிடுங்கள், அது அரசாங்கத்தின் டெலி மானஸ் எண், தமிழில் பேசலாம், காசு கிடையாது. தமிழக அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-லும் பேசலாம்.

ஓய்வுக்குப் பிறகு எதையாவது செய் என்று எல்லோரும் சொல்வார்கள், நான் அவசரப்படுத்தமாட்டேன். ஆபீசர் வேலையில் உங்களுக்கு எது வேண்டியிருந்தது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். மரியாதையா, முடிவெடுக்கிற அதிகாரமா, வேறு ஊர் பார்ப்பதா? கவுண்டருக்கு வந்த வயசானவர்களுக்கு ஃபாரம் நிரப்பிக் கொடுத்ததைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருக்கிறீர்கள், அந்தக் கடிதத்திலேயே நீங்கள் சந்தோஷமாகத் தெரிகிற இடம் அது ஒன்றுதான். நவம்பர் வந்தால் உங்கள் தெருவிலேயே லைஃப் சர்டிபிகேட்டுக்காக விரல்ரேகை விழாமல் தவிக்கிற பென்ஷன்காரர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். பார்த்துக்கொள்ளுங்கள், முடிந்தால்.

தோழி நாலு தடவை கூப்பிட்டிருக்கிறார், எடுக்கலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். எடுங்கள். வாழ்த்தை விழாவிலேயே சொல்லிவிட்டீர்கள், அதை மறுபடி சொல்லவேண்டாம். பாட்னாவில் முதல் வருடம் எப்படி இருந்தது என்று கேளுங்கள், வீட்டில் யார் இருந்தார்கள், அவர் குழந்தைகளை யார் பார்த்துக்கொண்டார்கள், ஜுரம் வந்த ராத்திரி என்ன செய்தார் என்று கேளுங்கள். அவர் சொல்வது உங்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்று உத்தரவாதம் தரமாட்டேன், ‘நன்றாகத்தான் இருந்தது’ என்றும் சொல்லலாம். அப்படியே சொன்னாலும் பரவாயில்லை, நீங்களாக மூன்றரை மணிக்குக் கட்டிய பாட்னாவை விட அது நிஜமான பாட்னா. அப்புறம் அவர் உங்களைக் கேட்பார், அப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையைச் சொல்லுங்கள், பேப்பரையும் சேர்த்து. ஒரே நாளில் சேர்ந்தவர், வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பது என்றால் என்ன என்று அவருக்கு விளக்கவேண்டியிருக்காது. இன்றைக்கே கூப்பிடவேண்டும் என்றில்லை, ஒரு ராத்திரியாவது நன்றாகத் தூங்கி எழுந்து, பகலில், ஆற அமரக் கூப்பிடுங்கள்.